நிற்கும் காருக்கும் பேட்டரி தீரும்

கேள்வி: இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருக்கிறேன். மாதம் ஒருமுறை எடுத்தாலே அதிகம். வாரம் ஒருமுறை பத்து நிமிடம் இயந்திரத்தை ஓடவிடுகிறேன். இருந்தும் இரண்டு ஆண்டுக்குள் மூன்றாவது பேட்டரி போடச் சொல்கிறார் பட்டறைக்காரர். (பங்சார், கோலாலம்பூர்)

பதில்: முதலில் அந்தப் பத்து நிமிடத்தை நிறுத்துங்கள். நின்ற இடத்தில் மெதுவாக ஓடும் இயந்திரம் பேட்டரியை நிரப்பாது.

இரண்டு பேட்டரி விற்றவர், பூட்டி நிற்கும் கார் எவ்வளவு மின்சாரம் குடிக்கிறது என்று ஒருமுறையாவது மீட்டர் வைத்துப் பார்த்தாரா? எனக்குத் தீராத கோபம் இதில்தான். அளந்து பார்க்க அரை மணி நேரம் போதும். அதைச் செய்யாமல் புதிய பேட்டரியைத் தலையில் கட்டுகிறார்கள். அலாரமும் டேஷ்கேமும் கார் தூங்கும்போதும் விழித்திருக்கும். 50 மில்லி ஆம்பியர்தானே என்பார்கள். ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-மணி, மாதத்துக்கு 36. உங்கள் பேட்டரி 60 ஆம்பியர்-மணி என்றால் பாதிக்குமேல் போய்விட்டது. அந்த நிலையில் கிடந்தால் ஈயத் தகடுகளில் சல்பேட் படிந்து இறுகும், பழைய கொள்ளளவு திரும்பாது. நம் மலேசிய வெப்பம் அதை இன்னும் விரைவுபடுத்தும்.

அளக்கச் சொல்லுங்கள். பிறகு பராமரிப்பு சார்ஜர் ஒன்று வாங்குங்கள். நிரம்பியதும் அது தானாக ஏறக்குறைய 13.5 வோல்ட்டுக்கு இறங்கிக் காத்துக்கொள்ளும். வாரக்கணக்கில் மாட்டியே வைக்கலாம். ஏஜிஎம் பேட்டரியா (அமிலம் கண்ணாடியிழைப் பாயில் ஊறியிருக்கும் ஈய வகை), லித்தியமா என்று பார்த்து அதற்குரியதையே வாங்குங்கள். அடுக்ககத்தின் கார் நிறுத்துமிடத்தில் மின்செருகி தர நிர்வாகம் மறுத்தால், காரை நிறுத்தியதும் பேட்டரியின் எதிர்மின் (–) முனையைக் கழற்றி வையுங்கள். கடிகாரமும் வானொலியின் ரகசிய எண்ணும் அழிந்துபோகலாம். எண்ணை முன்பே குறித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நிலத்தடியில் நிற்கும் காருக்குச் சூரிய சக்தி சார்ஜர் வாங்கினேன். ஏறவே இல்லை. ரசீதையும் தொலைத்துவிட்டேன். (செராஸ்)

பதில்: ஏறாது. வெயிலே படாத இடத்துக்கு அதை வாங்குமுன் ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம்.

கேள்வி: ‘தானியங்கி’ என்று இணையத்தில் விற்ற சார்ஜரை மாட்டினேன். மறுநாள் காலை பேட்டரியின் பக்கங்கள் உப்பியிருந்தன. சிரிம் (மலேசியத் தரச் சோதனை நிறுவனம்) முத்திரை இல்லை. விற்றவர் பதில் சொல்வதில்லை. (ஜார்ஜ்டவுன், பினாங்கு)

பதில்: உங்கள்மேல் ஒரு தவறும் இல்லை. இதே சரக்குக்கு நானும் காசு கொடுத்திருக்கிறேன். ‘நிரம்பியதும் நின்றுவிடும்’ என்று பெட்டியில் அச்சிட்டிருந்தது. மீட்டரிலோ 15 வோல்ட்டையும் தாண்டி ஏறிக்கொண்டிருந்தது. கார் கொட்டகை முழுக்க அழுகிய முட்டை நாற்றம்.

இனி அதைச் செருகாதீர்கள், தூக்கியும் எறியாதீர்கள். சார்ஜர், பேட்டரி, விளம்பரப் பக்கம், பணம் செலுத்திய விவரம் எல்லாவற்றையும் படம் எடுத்து வையுங்கள். மலேசியப் பயனீட்டாளர் உரிமைக்கோரல் நடுவர் மன்றத்தில் மனுக் கட்டணம் 5 ரிங்கிட்தான். 50,000 ரிங்கிட் வரை கோரலாம், மூன்று ஆண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும், வழக்கறிஞர் தேவையில்லை. விற்றவரின் பெயரும் முகவரியும் வேண்டும். விற்பனைத் தளத்திடம் எழுத்தில் கேளுங்கள். பேட்டரியின் விலையையும் சேர்த்துக் கோருங்கள். வழிகாட்டப் பினாங்கு பயனீட்டாளர் சங்கம் உங்கள் ஊரிலேயே இருக்கிறது.

கேள்வி: 2006 போர்ஷே பாக்ஸ்டர். பேட்டரி தீர்ந்துவிட்டது. அது முன்மூடிக்குள் இருக்கிறது; மூடியோ மின் பொத்தானில்தான் திறக்கும். (தஞ்சோங் பூங்கா)

பதில்: கால் வைக்கும் இடத்தின் பக்கவாட்டில் உள்ள ஃபியூஸ் பெட்டியில் வெளியே இழுக்கக்கூடிய நேர்முனை ஒன்று உண்டு. 12 வோல்ட் பேட்டரியின் (+) கம்பியை அதிலும், (–) கம்பியைக் கதவுப் பூட்டு மாட்டும் உலோகக் கொக்கியிலும் மாட்டினால் பொத்தான் வேலை செய்யும். அலாரம் கத்தலாம், பயப்பட வேண்டாம். மூடியை நெம்பித் திறக்கலாம் என்று சொல்லும் பட்டறைக்காரரை மட்டும் பக்கத்தில் விடாதீர்கள்.