தள்ளலாம், இழுக்க முடியாது – கடிதம்

சார் வணக்கம்,

எனக்கு 61 வயது. தாலுகா ஆபீஸில் இருந்து போன வருஷம் ஓய்வு பெற்றேன், கிருஷ்ணகிரி பழையபேட்டையில் வீடு. லீவுக்கு வந்த பேரன் என் போனில் பெட்டி தள்ளும் கேம் ஒன்றை ஏற்றிவிட்டுப் போனான். அவன் மறந்திருப்பான், நான் மாட்டிக்கொண்டேன். ராத்திரி சாப்பிட்டுவிட்டு எடுத்தால் மணி பதினொன்று ஆகிவிடுகிறது, ஒரே லெவலில் மூன்று நாளாக நிற்கிறேன். அவன் ஆடும் துப்பாக்கி கேமையும் ஆடிப் பார்த்தேன். அரை நிமிஷத்தில் செத்துப்போனேன், மறுபடி தொடத் தோன்றவில்லை. மருமகள் ஒன்றும் சொல்வதில்லை, ஆனால் சிரிக்கிறாள். ஞாபக மறதி வராமல் இருக்க ஆடுகிறேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன். அது நிஜமா? இந்த வயதில் இது ஏன் இப்படிப் பிடித்துக்கொள்கிறது? நீங்களும் இந்த மாதிரி ஆடுவீர்கள் என்று ஒருமுறை எழுதியிருந்தீர்கள், அதனால் கேட்கிறேன். பெயர் போட வேண்டாம்.

*

அன்புள்ள நண்பருக்கு,

பெயரை எடுத்துவிட்டேன். ஆனால் இதில் மறைக்க என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை.

முதலில் அந்த ஞாபக மறதி சாக்கை விட்டுவிடுங்கள். அமெரிக்காவில் லூமோசிட்டி என்று ஒரு மூளைப் பயிற்சி கேம், வயதானால் வரும் மறதியைத் தள்ளிப்போடும் என்கிற மாதிரி விளம்பரம் செய்தார்கள். போதிய ஆதாரம் இல்லை என்று அந்த நாட்டு வர்த்தக ஆணையம் பிடித்துக்கொள்ள, 2016 ஜனவரியில் 20 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டார்கள். பெட்டி தள்ளிக்கொண்டே இருந்தால் பெட்டி தள்ளுவதில் தேறுவோம், அது உறுதி. மூக்குக் கண்ணாடியை எங்கே வைத்தோம் என்பது வேறு கணக்கு. பிடித்திருக்கிறது, ஆடுகிறேன் என்றே மருமகளிடம் சொல்லுங்களேன்.

துப்பாக்கி கேமில் செத்ததற்கும் வருத்தப்பட வேண்டாம். ஸ்டார்கிராஃப்ட் 2 என்ற வேகமான போர் கேம் ஆடும் 3,305 பேரின் ஆட்டங்களை எடுத்து கனடாவில் ஆராய்ந்தார்கள், 2014-ல் வெளிவந்தது. பார்த்ததும் கை போகிற வேகம் 24 வயதிலேயே குறைய ஆரம்பிக்கிறதாம்! நாம் எந்த மூலைக்கு? ஆனால் அதில் எனக்குப் பிடித்தது இன்னொரு விஷயம், வயது கூடியவர்கள் சும்மா தோற்றுக்கொண்டிருக்கவில்லை, வேகம் போன இடத்தில் சுருக்கு வழிகளும் சுலபமான உத்திகளும் வைத்துச் சமாளித்தார்கள். புதிர் கேமில் அந்த முதல் பாதி, அதாவது கை வேகம், தேவையே இல்லை. நீங்கள் ரசம் கொதிக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தாலும் பெட்டி வைத்த இடத்தில்தான் இருக்கும்.

நீங்கள் ஆடுவதற்கு மூலம் சோகோபான். ஹிரோயுகி இமாபயாஷி என்ற ஜப்பானியர் உருவாக்கி 1982-ல் கடைக்கு வந்தது, அந்தப் பெயருக்குக் கிடங்குக்காரர் என்று அர்த்தம். ஒரு நேரத்தில் ஒரு பெட்டி, தள்ளலாம், இழுக்க முடியாது. மொத்தச் சட்டமும் அவ்வளவுதான். தெரியாமல் மூலையில் ஒரு பெட்டியைத் தள்ளிவிட்டால் முடிந்தது, அதன் பிறகு ஐம்பது முறை தள்ளினாலும் பிரயோஜனமில்லை, தப்பு எப்போதோ நடந்துவிட்டது, நமக்குத் தெரிவதுதான் இப்போது. பார்க்கச் சின்னப்பிள்ளை விளையாட்டு மாதிரி இருக்கும் இது, கம்ப்யூட்டருக்கே மிகக் கடினமான கணக்கு வகைகளில் ஒன்று என்று 1997-ல் ஜோசப் கல்பர்சன் என்பவர் நிரூபித்திருக்கிறார். மூன்று நாள் நின்றது உங்கள் குற்றமில்லை.

ஏன் பிடிக்கிறது என்று கேட்டீர்கள். என் அனுபவத்தைச் சொல்கிறேன். அறுபது வயதுக்குள் நமக்கு வந்த எந்தச் சிக்கலாவது முழுசாக நம் கண்முன் வந்ததா? நிலத் தகராறு என்றால் பாதிப் பத்திரம்தான் கையில் இருக்கும், உடம்புக்கு என்றால் டாக்டர் ஒன்று சொல்வார், ரிப்போர்ட் ஒன்று சொல்லும், மகன் கல்யாணம் என்றால் கேட்கவே வேண்டாம். இங்கே அப்படி இல்லை, எல்லாம் கட்டத்துக்குள் இருக்கிறது, யாரும் எதையும் ஒளித்து வைக்கவில்லை, விடை உண்டு என்பதும் நிச்சயம். ஃபைல் பார்த்தே முப்பது வருஷம் கழித்தவர் நீங்கள், இது எவ்வளவு பெரிய சுகம் என்று நான் சொல்லவா வேண்டும்? இருபது வயதுப் பையனுக்கு இது தெரியாது, அவன் இன்னும் அரைகுறைச் சிக்கல்களில் அடிபடவில்லை.

எங்கள் தாத்தா பென்னாகரம் பக்கம். திண்ணையில் கரியால் கோடு கிழித்து ஆடு புலி ஆடுவார், 3 புலிக்கு கூழாங்கல், 15 ஆட்டுக்குப் புளியங்கொட்டை. ஆட்டால் வெட்ட முடியாது, சுற்றி வளைத்து அடைக்கத்தான் முடியும். எதிரே உட்கார்ந்தவரும் பல் போனவர்தான். நாங்கள் வெயிலில் கிட்டிப்புள் ஆடிக்கொண்டிருப்போம், இது பெரியவர்கள் விவகாரம். இந்த வயதில் விளையாட்டா என்று அவரை யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. உங்கள் மருமகள் சிரிப்பது விளையாட்டுக்காக இல்லை, போனுக்காக. ஒரே குறை, எதிரே ஆள் இல்லை. ஆனால் யோசித்தால், அந்த லெவலைச் செய்தவர் எதிரே இருக்கிறார், தன் காயை எல்லாம் முன்கூட்டியே நகர்த்தி வைத்துவிட்டுப் போய்விட்டார். விடுகதை போட்டவர் நம் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது மாதிரி.

ஒரு எச்சரிக்கை. புதிர் என்ற பெயரில் வரும் எல்லாம் இந்த ஜாதி இல்லை. கேண்டி கிரஷ் (2012) மாதிரியானவற்றில் ஐந்து உயிர் தீர்ந்தால் அரை மணி நேரத்துக்கு ஒன்றுதான் திரும்பி வரும், பொறுக்க முடியாவிட்டால் காசு. நமக்காக அது காத்திருக்காது, நம்மைத்தான் காக்க வைக்கும். இரண்டு மாதம் அதில் போனது எனக்கு.

அடுத்து என்ன என்றால், போனில் மான்யுமென்ட் வேலி (2014), இரண்டு மூன்று ராத்திரியில் முடிந்துவிடும், பார்க்கவே அழகு. வீட்டில் கம்ப்யூட்டர் இருந்தால் ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின் (2018), உங்களுக்கென்றே செய்தது. காணாமல் போய் 1807-ல் தானாகத் திரும்பி வந்த ஒரு கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல், 60 பேரின் கதியை நீங்கள் பதிவேட்டில் எழுத வேண்டும். ஊகத்தில் எழுதித் தப்பிக்க முடியாது, மூன்று பேரைச் சரியாக எழுதினால்தான் சரி என்று ஒப்புக்கொள்ளும். இங்கிலீஷ் வசனம் கொஞ்சம் படிக்க வேண்டியிருக்கும், தாலுகா ஆபீஸ் இங்கிலீஷே போதும்.

உங்கள் லெவலுக்கு ஒரு வழி. பெட்டி போய்ச் சேரவேண்டிய இடத்தில் ஏற்கனவே இருப்பதாக நினைத்துக்கொண்டு, அங்கிருந்து மனசுக்குள் பின்னோக்கி இழுத்து வாருங்கள். போன மாதம் தொப்பூர் கணவாயில் லாரி ஒன்று கவிழ்ந்து பஸ் இரண்டு மணி நேரம் நின்றபோது, நான்கு நாளாக அசையாத ஒன்றை இப்படித்தான் முடித்தேன், போனில் சார்ஜ் கூட இல்லை. அப்புறம், பேரன் வந்தால் விடையைச் சொல்லிவிடாதீர்கள். அவனும் ஒரு பெட்டியை மூலையில் தள்ளட்டும்.