டொமைன் பிளாக்லிஸ்ட்டில் ஏறிவிட்டால்: கிருஷ்ணகிரி, தருமபுரி கேள்விகளுக்குப் பதில்கள்

ஸ்பாம், வைரஸ் பரப்புவதாகச் சந்தேகப்படும் டொமைன்கள், ஐபி முகவரிகளின் தடைப்பட்டியல்தான் பிளாக்லிஸ்ட். இரண்டு மாவட்டங்களிலும் சொந்தத் தொழில் நடத்துபவர்களும் மற்றவர்களும் இது பற்றி அனுப்பிய கேள்விகள் இவை. டொமைன் பெயர்களை எடுத்துவிட்டேன். ஊரும் தொழிலும் தெரிந்தால் போதும்.

காவேரிப்பட்டணம், மாங்கூழ் ஏற்றுமதி: அண்ணா, துபாய் பார்ட்டிக்கு கொட்டேஷன் அனுப்பினா 550-னு திரும்பி வருது. உள்ளே ஸ்பாம்ஹாஸ்னு போட்டிருக்கு. சீசன் நேரம். பதினைந்தாயிரம் குடுத்தா எடுத்துத் தர்றேன்னு ஒருத்தர் சொல்றார். குடுக்கலாமா?

பைசா கொடுக்காதீங்க. 550 என்றால் எதிர்ப்பக்க சர்வர் மெயிலை ஏற்க மறுத்துவிட்டது என்று அர்த்தம். ஸ்பாம்ஹாஸ் இந்தத் தடைப்பட்டியல்களை வைத்திருக்கும் அமைப்பு. ஸ்பாம்ஹாஸ் பட்டியலிலிருந்து பெயரை எடுக்கக் கட்டணமே கிடையாது. அவர் நிரப்பப்போவதும் அதே இலவசப் படிவம்தான். காரணம் அப்படியே இருந்தால் பெயர் மறுபடி ஏறும், அவரும் மறுபடி வருவார்.

திரும்பி வந்த மெயிலை முழுசாகப் படியுங்கள். மாட்டியது ஐபி முகவரியா, டொமைனா என்று அதிலேயே இருக்கும். அதை ஸ்பாம்ஹாஸ் தளத்தில் போட்டுத் தேடினால் எந்தப் பட்டியல் என்று காட்டும். பிபிஎல் என்றால் பதற வேண்டாம், அது குற்றச்சாட்டே இல்லை. வீடு, ஆபீஸ் பிராட்பேண்ட் ஐபியிலிருந்து நேரடியாக மெயில் போகக் கூடாது என்பதற்கான பட்டியல் அது. பில்லிங் சாஃப்ட்வேரோ ஸ்கேனரோ 25-ஆம் போர்ட் வழியாகத் தானாக அனுப்பிக்கொண்டிருக்கும். 587-ஆம் போர்ட்டுக்கு மாற்றி, பாஸ்வேர்டோடு ஹோஸ்டிங் சர்வர் வழியாக அனுப்ப வையுங்கள். எக்ஸ்பிஎல் என்றால் பெரும்பாலும் அந்த ஐபிக்குப் பின்னால் ஏதோ ஒரு கம்ப்யூட்டரில் வைரஸ். எஸ்பிஎல் (ஸ்பாமோடு தொடர்புள்ள ஐபிகளின் பட்டியல்) என்றால் நீங்கள் கேட்டு நடக்காது, ஐபிக்குச் சொந்தமான ஹோஸ்டிங் கம்பெனிதான் கேட்க வேண்டும். டிபிஎல் என்றால் டொமைனே பட்டியலில் இருக்கிறது.

இந்த மாதிரி ஏற்றுமதித் தளங்களில் நான் முதலில் பார்ப்பது விசாரணைப் படிவத்தை. யாராவது நிரப்பினால் 'தொடர்பு கொண்டதற்கு நன்றி' என்று தானாக ஒரு பதில் போகும் இல்லையா, ஸ்பாம்காரன் பிடிப்பது அதைத்தான். மெயில் முகவரி இடத்தில் சம்பந்தமே இல்லாத ஒருவர் முகவரி, பெயர் இடத்தில் சூதாட்ட லிங்க். உங்கள் சர்வர் பவ்யமாக அந்த லிங்க்கையும் சேர்த்து உங்கள் பெயரிலேயே அனுப்பிவைக்கும். சீபேனலில் (ஹோஸ்டிங் கணக்கின் நிர்வாகப் பக்கம்) 'ட்ராக் டெலிவரி'யைத் திறந்து பாருங்கள். ராத்திரி மூணு மணிக்கு முன்பின் தெரியாத முகவரிகளுக்கு நூற்றுக்கணக்கில் நன்றி மெயில் போயிருந்தால் சந்தேகமே வேண்டாம். தானியங்கிப் பதிலை நிறுத்திவிட்டு கேப்சா (நிரப்புவது மனிதர்தானா என்று சோதிப்பது) போடுங்கள். அங்கே ஒன்றும் இல்லையென்றால் மெயில் பாஸ்வேர்டு வெளியே போயிருக்கும். கம்பெனி பெயருக்குப் பின்னால் 123 போட்டு வைத்திருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இதெல்லாம் முடிந்த பிறகுதான் நீக்கல் விண்ணப்பம்.

பென்னாகரம், ஒகேனக்கல் லாட்ஜ்: சார், போன்ல கூகுள்ல தேடி எங்க சைட்டுக்குள்ள வந்தா ரம்மி சைட்டு திறக்குது. நாங்க நேரா டைப் பண்ணா ஒழுங்காத்தான் வருது. இப்போ குரோம்ல சிவப்பு எச்சரிக்கைத் திரையும் வருது. சைட் போட்டுக் கொடுத்தவர் 'எங்கிட்ட நல்லா இருக்கு'ங்கிறார்.

அவர் பார்க்கும்போது நன்றாகத்தான் தெரியும், புகுத்திய கோடே அப்படி. கூகுளிலிருந்து போனில் வருகிறவரை மட்டும் திருப்பிவிடும். ஓனர் கண்ணில் படாமல் இருந்தால்தானே அதன் பிழைப்பு ஓடும். காசு கொடுத்து வாங்க வேண்டிய வேர்ட்பிரஸ் தீம் (தளத்தின் வடிவமைப்பு) ஒன்றை இலவசமாக எங்கிருந்தோ இறக்கிப் போட்டாரா என்று கேளுங்கள். பாதி இடங்களில் விவகாரம் அங்கேதான் தொடங்குகிறது.

தேட வேண்டிய இடங்கள்: ஹெச்டிஆக்சஸ் (.htaccess) ஃபைல், தீமின் ஃபங்ஷன்ஸ் ஃபைல், அப்லோட்ஸ் ஃபோல்டர். படங்கள் மட்டுமே இருக்க வேண்டிய அப்லோட்ஸில் பிஹெச்பி (நிரல்) ஃபைல் இருந்தால் அநேகமாக அதுதான் பின்வாசல். அட்மின் பட்டியலில் தெரியாத பெயர் இருக்கிறதா பாருங்கள். சர்ச் கன்சோலில் (தள ஓனர்களுக்கான கூகுள் பக்கம்) ஓனர் பட்டியலையும் பாருங்கள், இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். புகுந்தவன் தன்னையும் ஓனராகச் சேர்த்துவைத்திருந்தால் நீங்கள் சுத்தம் செய்தாலும் அவன் கையில் ஒரு சாவி மிச்சம்.

முழுசாகச் சுத்தம் செய்த பிறகு சர்ச் கன்சோலில் 'செக்யூரிட்டி இஷ்யூஸ்' பகுதியில் மறுஆய்வு கேளுங்கள். 'சரி செய்துவிட்டோம்' என்று ஒற்றை வரி எழுதாமல் என்ன கிடைத்தது, எதை அழித்தீர்கள், வந்த வழியை எப்படி அடைத்தீர்கள் என்று நாலு வரி எழுதுங்கள். ஃபிஷிங் (பாஸ்வேர்டு திருடும் போலிப் பக்கம்) என்றால் ஒரு நாள் அளவில் பதில் வரும், மால்வேர் (வைரஸ் மாதிரி கெட்ட நிரல்) என்றால் சில நாட்கள், ஸ்பாம் பக்கங்கள் நுழைந்த தளம் என்றால் சில வாரங்கள்கூட ஆகலாம். அவசரப்பட்டு அரைகுறையாகக் கேட்காதீர்கள். சுத்தமானது போல் காட்டி மறுபடி மறுபடி மாட்டும் தளத்தை கூகுள் தொடர் குற்றவாளியாகக் குறித்துவிட்டால் 30 நாள் மறுஆய்வே கேட்க முடியாது.

ஓசூர், சிப்காட் பக்கம் லேத் பட்டறை: ஆன்லைன்ல செக் பண்ணா யூசிஇபுரொடெக்ட் லெவல் 3-ல மட்டும் சிவப்பு. மெயில் எல்லாம் போகுது.

மெயில் போகுதுதானே, விட்டுவிடுங்கள். யூசிஇபுரொடெக்ட் இன்னொரு தடைப்பட்டியல். அதில் லெவல் 1 தான் தனி ஐபிக்கு. புதுப் புகார் இல்லையென்றால் ஏழு நாளில் தானே விலகும். லெவல் 3 என்பது உங்கள் ஹோஸ்டிங் கம்பெனியின் மொத்த நெட்வொர்க்கையும் சேர்த்துப் போடுவது. தெருவில் ஒரு வீட்டில் திருடன் இருக்கிறான் என்று தெருவுக்கே கேட் போட்ட மாதிரி. காசு கட்டினால் சீக்கிரம் எடுப்பதாகச் சொல்வார்கள், கட்டாதீர்கள். அதே டூல் சார்ப்ஸ் என்று இன்னொரு சிவப்பு காட்டினால் டூல்தான் பழசு. அந்தச் சேவையை 2024-லேயே மூடிவிட்டார்கள்.

தருமபுரி, பிஇ படிக்கும் தம்பி: அண்ணா, ஸ்பாம்ஹாஸில் தேட நானே ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். எந்த டொமைன் போட்டாலும், கூகுள் டொமைன் உட்பட, 127.255.255.254 வருது!

அது பட்டியல் பதில் இல்லை, பிழைச் செய்தி. 8.8.8.8 மாதிரி பொது டிஎன்எஸ் (டொமைன் பெயருக்கு விவரம் தேடித்தரும் சேவை) வழியாகக் கேட்கிறீர்கள். அந்த வழியில் ஸ்பாம்ஹாஸ் பதில் சொல்வதில்லை என்று அர்த்தம். சொந்த ரிசால்வர் (டிஎன்எஸ் விடை தேடும் சர்வர்) வைத்துக் கேளுங்கள். ஏதோ பதில் வந்தாலே 'லிஸ்டட்' என்று ஸ்கிரிப்ட்டில் எழுதாமல் எந்த எண் வருகிறது என்று பிரித்துப் பாருங்கள்.

சந்தூர், மாங்கன்று நர்சரி: புதுசா டொமைன் வாங்கினோம். கஸ்டமர் கம்ப்யூட்டர்ல ஆன்டிவைரஸ் தடுக்குது. வைரஸ்டோட்டல்ல ரெண்டு சிவப்பு. வைரஸ்டோட்டலுக்கு எழுதினா அவங்க கையில இல்லைங்கிறாங்க.

உண்மைதான், அவர்கள் பல கம்பெனிகளின் தீர்ப்பை ஒரே பக்கத்தில் காட்டுகிறார்கள், அவ்வளவுதான். சிவப்புக் காட்டும் அந்த ரெண்டு கம்பெனிக்கும் தனித்தனியாக 'ஃபால்ஸ் பாசிட்டிவ்' படிவம் போடுங்கள். அதற்கு முன்னால் வேபேக் மெஷினில் (பழைய இணையப் பக்கங்களின் காப்பகம்) டொமைனின் பழைய முகத்தைப் பாருங்கள். நேற்று வரை மாத்திரை விற்ற டொமைன் என்றால், உரிமை மாறியதையும் வாங்கிய தேதியையும் விண்ணப்பத்தில் எழுதுங்கள். பேனர், விசிட்டிங் கார்டு இன்னும் அடிக்கவில்லையென்றால், என்னைக் கேட்டால், வேறு டொமைன் வாங்கிக்கொள்வது மலிவு.

அரூர், தனியார் பள்ளி அலுவலகம்: மேடம் சொல்லிக் கேட்கிறேன் சார். எந்த லிஸ்ட்டிலும் பேர் இல்லை. ஆனா பெற்றோருக்குப் போடுற மெயில் ஜிமெயில்ல ஸ்பாமுக்குத்தான் போகுது.

எது ஸ்பாம் என்று ஜிமெயில் தன் உள்ளேயே முடிவு செய்கிறது, நீக்கச் சொல்லி எழுத வெளியே பட்டியல் இல்லை. மெயில் உங்கள் டொமைனிலிருந்துதான் வருகிறது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் பதிவுகள் மூன்றும் டிஎன்எஸ்ஸில் சரியாக இருக்கிறதா பார்க்கச் சொல்லுங்கள். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலுக்கு ஒரு நாளில் 5,000-க்கு மேல் அனுப்புகிறவர்களுக்கு மூன்றும் கட்டாயம், ஸ்பாம் புகார் 0.3 சதவீதத்தைத் தொடவும் கூடாது. உங்கள் பள்ளி அந்த அளவுக்கு அனுப்பாது; ஆனாலும் மூன்றையும் போட்டுவிடுங்கள். பள்ளியை விட்டுப் போன பிள்ளைகளின் பெற்றோர் முகவரிகளை முதலில் பட்டியலிலிருந்து எடுங்கள். ஃபீஸ் கட்டச் சொல்லி மெயில் வந்தால் அவர்கள் 'ஸ்பாம்' பட்டனைத்தான் அழுத்துவார்கள்.