72 மணி நேரம் தாண்டிவிட்டது, இனி வழி இல்லையா?

கேள்வி: சனிக்கிழமை இரவு ஆணுறை கிழிந்துவிட்டது. மறுநாள் அவசரக் கருத்தடை மாத்திரை வாங்க மருந்துக் கடைக்குப் போனேன். "கல்யாணம் ஆயிடுச்சா?" என்று கேட்டார் கடைக்காரர். பதில் சொல்லாமல் திரும்பிவிட்டேன். இன்னொரு கடையில், "கருவைக் கலைக்கிற மாத்திரையெல்லாம் தருவதில்லை" என்றார்கள். இன்று செவ்வாய் இரவு, அந்த மாத்திரைக்குச் சொல்லும் 72 மணி நேரம் முடிந்துவிட்டது. இனி எதுவும் செய்ய முடியாதா? பின்னால் குழந்தை பெறுவதில் சிக்கல் வருமா? வயது 26.

பதில்: செய்ய முடியும். ஐந்து நாள், அதாவது 120 மணி நேரம் வரை வழி உண்டு. உங்கள் கணக்கில் வியாழன் இரவு வரை. ஆனால் வியாழன் வரை காத்திருக்காதீர்கள், நாளைக் காலையே மகப்பேறு மருத்துவரிடம் போய்விடுங்கள்.

"காப்பர் டி போட முடியுமா?" என்று முதலில் கேளுங்கள். கருப்பைக்குள் பொருத்தும் சிறிய கருத்தடைச் சாதனம் அது. ஐந்து நாளுக்குள் பொருத்தினால் நூற்றுக்கு 99 பேருக்கு மேல் கரு உண்டாகாது. உடல் எடையோ வேறு மருந்துகளோ அதன் வேலையைக் கெடுப்பதில்லை. குழந்தை பெறாதவர்களுக்கும் போடலாம். வேண்டாமென்றால் பிறகு எடுத்துவிடலாம்.

அது முடியாவிட்டால் யூலிபிரிஸ்டல் 30 மில்லிகிராம் மாத்திரை, ஒரே வேளை. இதுவும் ஐந்து நாள் வரை வேலை செய்யும். கடைகளில் அதிகம் கிடைக்கும் லெவோநார்ஜெஸ்ட்ரெல் 1.5 மில்லிகிராம் மூன்று நாளுக்குள் நன்றாகப் பலன் தரும், அப்புறம் குறையும். வேறு எதுவுமே கிடைக்கவில்லை என்றால் அதையாவது போட்டுக்கொள்ளுங்கள். எடை 70 கிலோவுக்கு மேல் இருந்தாலோ, காசநோய்க்கு ரிஃபாம்பிசின், வலிப்புக்கு ஃபெனிடாயின் போன்றவை சாப்பிட்டாலோ மாத்திரையின் பலன் குறையலாம். மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

இரண்டாவது கடையில் சொன்னது தவறு. விந்தணு உடலுக்குள் ஐந்து நாள் வரை உயிரோடு இருக்கும். அதற்குள் கருமுட்டை வெளியே வந்துவிடாதபடி இந்த மாத்திரை தள்ளிப்போடுகிறது, அவ்வளவுதான். ஏற்கெனவே தங்கிய கருவை அது கலைக்காது. முட்டை வந்த பிறகு போட்டால் பலன் இல்லை, அதனால்தான் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். எப்போது நடந்தது, வேறு என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்றுதான் அந்த முதல் கடைக்காரர் கேட்டிருக்க வேண்டும். கல்யாணம் ஆனதா என்பது மருத்துவக் கேள்வியே இல்லை. உங்கள் மூன்று நாளை வீணாக்கியது அந்தக் கேள்வி. அதை நினைத்து நீங்கள் கூச வேண்டியதில்லை.

பின்னால் குழந்தை பெறுவதை இவை எதுவும் பாதிக்காது. மாத்திரை போட்ட மூன்று மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் மறுபடி ஒன்று போட வேண்டும். மாதவிலக்கு சில நாள் முன்பின் ஆகலாம். ஒரு வாரத்துக்கு மேல் தள்ளினால் கர்ப்பப் பரிசோதனை செய்யுங்கள். அடிவயிற்றில் கடும் வலி வந்தால் அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

நாளை ஓரிடத்தில் மறுத்தால் காரணம் கேட்டு நிற்க வேண்டாம். அடுத்த இடத்துக்குப் போய்விடுங்கள்.