முதலில் பதிவு, அப்புறம் வேலை, கடைசியில்தான் விசா

வணக்கம் அம்மா,

உங்கள் மகள் பி.எஸ்சி. ரேடியாலஜி முடித்துவிட்டு இன்டர்ன்ஷிப்பில் இருப்பதாக எழுதியிருந்தீர்கள். இங்கிலாந்தில் எம்.எஸ்சி. மெடிக்கல் இமேஜிங் படித்தால் அங்கேயே ஆஸ்பத்திரி வேலை நிச்சயம் என்று ஒரு கன்சல்டன்சியில் சொன்னதாகவும், அதற்காக வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். இந்தப் படிப்புக்காக வைக்கவே வேண்டாம். காரணத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், பொறுமையாகப் படியுங்கள்.

பிரிட்டனில் ரேடியோகிராஃபராக, அதாவது எக்ஸ்ரே, ஸ்கேன் எடுப்பவராக வேலை பார்க்க, எச்.சி.பி.சி. என்ற சுகாதாரப் பணியாளர் கவுன்சிலின் பதிவேட்டில் பெயர் இருக்க வேண்டும். பெயர் இல்லாதவர் தன்னை ரேடியோகிராஃபர் என்று சொல்லிக்கொள்வதே சட்டப்படி குற்றம். எந்தப் பல்கலைக்கழகத்தில் எத்தனை லட்சம் கட்டிப் படித்தார் என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். இப்போது அந்த எம்.எஸ்சி.க்கு வருவோம். அங்கே இந்தத் துறையில் இரண்டு வகை முதுநிலைப் படிப்பு இருக்கிறது. ஒன்று, ப்ரீ-ரெஜிஸ்ட்ரேஷன் எனப்படும் டயக்னாஸ்டிக் ரேடியோகிராஃபி. பெரும்பாலும் இரண்டு வருடம். பாதிக் காலம் ஆஸ்பத்திரியிலேயே போகும். முடித்தால் பதிவுக்கு விண்ணப்பிக்கலாம். இன்னொன்று, ஏற்கெனவே பதிவு பெற்றவர்கள் மேற்கொண்டு படிப்பதற்கோ ஆராய்ச்சிக்கோ உள்ளது. அதை முடித்தால் பட்டம் கையில் இருக்கும், பதிவு இருக்காது. ஏஜென்சிகள் அதிகமாக விற்பது இந்த இரண்டாவதைத்தான். ஏனென்றால் சேர்க்கை சுலபம், ஒரே வருடம், கமிஷனும் சீக்கிரம் வரும்.

எந்தப் படிப்பு எந்த வகை என்று கண்டுபிடிக்க யாரையும் கேட்க வேண்டியதில்லை. எச்.சி.பி.சி. இணையதளத்திலேயே அங்கீகரிக்கப்பட்ட படிப்புகளின் பட்டியல் இருக்கிறது. கன்சல்டன்சி சொன்ன பல்கலைக்கழகத்தின் பெயர் மட்டும் இருந்தால் போதாது, அதே படிப்பின் பெயரும் அதில் இருக்கிறதா என்று உங்கள் மகளையே பார்க்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் பேச்சு முடிந்தது. பதிவு இல்லாமல் அங்கே படித்து முடித்தவருக்கு ரேடியாலஜி பிரிவில் உதவியாளர் வேலை கிடைக்கலாம். ஆனால் 2025 ஜூலைக்குப் பிறகு பெரும்பாலும் பட்டப்படிப்பு நிலை வேலைகளுக்குத்தான் விசா ஸ்பான்சர்ஷிப் என்று ஆகிவிட்டதால், அந்த வேலையை வைத்து விசா வாங்குவது நடக்காத காரியம்.

இதில் யாரும் உங்களிடம் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. உங்கள் மகளின் இங்கத்திய பட்டத்தை வைத்தே, இங்கிருந்தபடியே எச்.சி.பி.சி. பதிவுக்கு விண்ணப்பிக்கலாம். நர்ஸ்களுக்கும் டாக்டர்களுக்கும் இருப்பதுபோல் நுழைவுத் தேர்வு கிடையாது. அவர் என்ன படித்தார், எந்தெந்த இயந்திரத்தில் பயிற்சி பெற்றார், அப்புறம் எங்கே வேலை பார்த்தார் என்பதை ஆவணங்களாகக் கேட்டு, தங்கள் நாட்டுத் தர நிலையோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். ஏற்கலாம், மறுக்கலாம், அல்லது இந்த இந்தப் பகுதியில் குறை இருக்கிறது, கூடுதல் விவரம் கொடு என்றும் கேட்கலாம். படிப்பில் உள்ள குறையை வேலை அனுபவத்தால் ஈடுகட்டவும் இடம் உண்டு. இந்த வழிக்கு விண்ணப்பக் கட்டணம், ஆங்கிலத் தேர்வுக் கட்டணம், சான்றிதழ் செலவு எல்லாம் சேர்த்தாலும் அந்த எம்.எஸ்சி. செலவில் ஒரு சிறு பங்குகூட வராது.

ஆகவே இப்போது அவருக்கு முக்கியம் காகிதம். நம் ஊர் மார்க் ஷீட்டில் பாடத்தின் பெயரும் மதிப்பெண்ணும்தான் இருக்கும். அங்கே கேட்பது வேறு: ஒவ்வொரு பாடத்திலும் என்ன சொல்லிக் கொடுத்தார்கள், வகுப்பு எத்தனை மணி நேரம், ஆஸ்பத்திரிப் பயிற்சி எத்தனை மணி நேரம். இதைக் கல்லூரிதான் எழுதிக் கொடுத்து முத்திரை வைக்க வேண்டும். ஐந்து வருடம் கழித்துப் போய்க் கேட்டால் துறைத் தலைவர் மாறியிருப்பார், பழைய சிலபஸ் எங்கே என்று யாருக்கும் தெரியாது. இன்டர்ன்ஷிப் முடிவதற்குள் முழு சிலபஸையும் கையெழுத்தோடு வாங்கிவிட வேண்டும். தினமும் எடுத்த எக்ஸ்ரே, சி.டி., போர்ட்டபிள், ஆபரேஷன் தியேட்டரில் சி-ஆர்ம் என்ற நகர்த்தும் எக்ஸ்ரே இயந்திரத்தில் பார்த்த கேஸ் எல்லாவற்றையும் லாக் புக்கில் எழுதி, மாதம் ஒரு முறை மேற்பார்வையாளரிடம் கையெழுத்து வாங்கச் சொல்லுங்கள். நோயாளியின் பெயர் அதில் வேண்டாம். வயது, பரிசோதனை, தேதி போதும்.

பெயர் விஷயத்தையும் இப்போதே சரி செய்துவிடுங்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் எஸ். கவிதா, பட்டத்தில் கவிதா எஸ்., பாஸ்போர்ட்டில் கவிதா செல்வராஜ் என்று இருப்பது நமக்குச் சாதாரணம். இனிஷியல் என்ற வழக்கமே தெரியாத ஓர் அலுவலருக்கு அது மூன்று ஆள். கல்யாணத்துக்குப் பிறகு கணவர் பெயர் சேர்ந்தால் நான்கு. எல்லாம் ஒருவரே என்ற பிரமாணப் பத்திரம் ஒன்றை வைத்துக்கொள்வதோடு, மாற்ற முடிகிற ஆவணத்தை பாஸ்போர்ட்டோடு ஒத்துப்போகும்படி மாற்றிவிடுவது நல்லது.

அடுத்தது, முதல் வேலை எங்கே என்பது. கூடச் சம்பளம் தருகிறது என்று தெருமுனை ஸ்கேன் சென்டரில் சேர்த்துவிடாதீர்கள். அங்கே நாள் முழுக்க ஒரே எம்.ஆர்.ஐ. இயந்திரத்தின் முன் உட்கார வேண்டியிருக்கும். பிள்ளைகளுக்கு எம்.ஆர்.ஐ. என்றால் தனி கௌரவம், எக்ஸ்ரே என்றால் இளக்காரம். பிரிட்டனில் ஆரம்ப நிலை ரேடியோகிராஃபர் அதிகம் நிற்பது எக்ஸ்ரே அறையிலும் அவசர சிகிச்சைப் பிரிவிலும்தான். அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியோ, விபத்து கேஸ் வரும் பெரிய தனியார் ஆஸ்பத்திரியோ கிடைத்தால், சம்பளம் குறைவாக இருந்தாலும் அதுதான் இரண்டு வருடத்துக்கு நல்ல இடம். இன்னொரு லாபமும் உண்டு: அனுபவச் சான்றைச் சரிபார்க்க வெளிநாட்டிலிருந்து மின்னஞ்சல் வரும்போது பதில் சொல்ல அங்கே ஒரு எச்.ஆர். இருப்பார். சின்ன சென்டர் அதற்குள் மூடியிருக்கலாம், கைமாறியிருக்கலாம்.

வேலையிலும் சில பழக்கங்களை இப்போதே மாற்ற வேண்டும். நம் ஊரில் வராந்தாவில் நின்று "முருகன் யாருப்பா?" என்று குரல் கொடுப்போம், எழுந்து வருகிறவரைப் படம் எடுப்போம். அங்கே பெயர், பிறந்த தேதி, முகவரி மூன்றையும் நோயாளியின் வாயாலேயே சொல்ல வைக்க வேண்டும். 2017-ம் ஆண்டின் மருத்துவக் கதிர்வீச்சு விதிமுறைப்படி பட்டனை அழுத்துகிறவருக்கும் சட்டப் பொறுப்பு உண்டு. நேர்முகத் தேர்வுக்குத் தயார் செய்கிறவர்களிடம் நான் கேட்கும் கேள்வி ஒன்று: ரெக்வெஸ்ட் ஃபார்மில் இடது மணிக்கட்டு என்று இருக்கிறது, வந்தவர் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு வலிக்கிறது என்கிறார், என்ன செய்வீர்கள்? "டாக்டர் எழுதினதை எடுப்பேன்" என்பார் ஒருவர். "ரெண்டையும் எடுத்துடுவேன் சார்" என்பார் இன்னொருவர். எழுதி அனுப்பியவரைக் கூப்பிட்டு உறுதி செய்யும்வரை எதையும் எடுக்க மாட்டேன் என்பதுதான் சரியான பதில். டாக்டர் எழுதியதைக் கேள்வி கேட்கும் பழக்கம் நம் பிள்ளைகளுக்கு இல்லை, அதனால் இதைச் சொல்ல வாய் வருவதில்லை. அதேபோல் இடம், வலம் குறிக்கும் எல், ஆர் ஈயக் குறியைப் படம் எடுக்கும்போதே வைக்க வேண்டும். அப்புறம் கம்ப்யூட்டரில் போட்டுக்கொள்ளலாம் என்பது அங்கே எடுபடாது.

ஆங்கிலத்துக்கு ஐ.இ.எல்.டி.எஸ். அகாடமிக் தேர்வில் மொத்தம் 7, எந்தப் பகுதியிலும் 6.5-க்குக் குறையக் கூடாது. எழுத்துப் பகுதிக்குத்தான் தனியாகத் தயாராக வேண்டியிருக்கும். மதிப்பெண் இரண்டு வருடம்தான் செல்லும் என்பதால், மற்ற காகிதங்கள் தயாரான பிறகு எழுதினால் போதும்.

பதிவு கிடைத்ததும் பிரிட்டன் அரசு மருத்துவச் சேவையின் என்.எச்.எஸ். ஜாப்ஸ் தளத்தில் நேரடியாக விண்ணப்பிக்கலாம். பேண்ட் 5 என்ற சம்பள நிலையில் ஆரம்பம். 2025-26-ல் இங்கிலாந்தில் ஆண்டுக்கு 31,049 பவுண்ட். வரி, பென்ஷன் எல்லாம் போக மாதம் சுமார் 2,000 கைக்கு வரும். அதை ரூபாயாக மாற்றிப் பார்த்து மயங்காதீர்கள், வாடகையும் அதே பவுண்டில்தான். வேலை உறுதியானால் ஹெல்த் அண்ட் கேர் விசா. மாணவர் விசாவில் வருடத்துக்கு 776 பவுண்ட் கட்டும் மருத்துவக் கூடுதல் கட்டணம் இதில் கிடையாது.

வளைகுடாவையும் கேட்டிருந்தீர்கள். துபாய், அபுதாபி, சவுதி, கத்தார் எல்லாவற்றுக்கும் தனித்தனி லைசென்ஸ். டேட்டாஃப்ளோ என்ற நிறுவனம் மூலம் சான்றிதழ் சரிபார்ப்பு, அப்புறம் கம்ப்யூட்டர் தேர்வு. வழக்கமாக இரண்டு வருட அனுபவம் கேட்பார்கள். சீக்கிரம் போய்ச் சேமிக்க நல்ல வழி, குடியுரிமைக்கு வழி இல்லை. அமெரிக்காவில் ஏ.ஆர்.ஆர்.டி. என்ற சான்றளிப்பு அமைப்பின் தேர்வெழுத அவர்கள் அங்கீகரித்த படிப்பு வேண்டும், அதாவது மறுபடி முதலிலிருந்து. கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் தகுதியை மதிப்பிட்டுத்தான் பதிவு தருவார்கள். முதல் முயற்சியாக அவற்றை நான் சொல்ல மாட்டேன்.

ஏஜென்சி பற்றி இரண்டு வார்த்தை. ஆள் எடுக்கும் ஏஜென்சி வேலை தேடுகிறவரிடம் பணம் வாங்கக் கூடாது என்பது பிரிட்டன் அரசின் நெறிமுறை. இந்தியச் சட்டப்படியும், பதிவு பெற்ற முகவர் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம். மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் முகவரின் பதிவு எண்ணைப் போட்டுப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு மனிதவள நிறுவனமும் வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கிறது, அதன் அறிவிப்புகளையும் பார்த்து வாருங்கள்.

கடைசியாக, கடிதத்தின் ஓரத்தில் சின்ன எழுத்தில் கேட்டிருந்த விஷயம்: கதிர்வீச்சால் கல்யாணத்துக்குப் பிறகு குழந்தைக்கு ஏதாவது ஆகுமா என்று. ஒழுங்காக நடக்கும் இடத்தில் ஊழியர் ஈயச் சுவருக்குப் பின்னால்தான் நிற்பார். உடல் வாங்கும் கதிர்வீச்சை மில்லிசீவெர்ட் என்ற அலகில் அளப்பார்கள்; இந்தியாவில் ஊழியருக்கான வரம்பு ஐந்து வருடச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவெர்ட். முறையாக நடக்கும் எக்ஸ்ரே அறையில் அதன் பக்கத்தில்கூடப் போக மாட்டார்கள். கர்ப்பம் என்று சொல்லிவிட்டால் அதன் பிறகு கருவுக்கு 1 மில்லிசீவெர்ட்தான் என்பது இங்கும் பிரிட்டனிலும் ஒன்றுதான், அதற்கேற்ப வேலையை மாற்றிக் கொடுப்பார்கள். எம்.ஆர்.ஐ.யிலும் அல்ட்ராசவுண்டிலும் இந்தக் கதிர்வீச்சே கிடையாது. உங்கள் மகள் பார்க்க வேண்டியது, ஊழியர் வாங்கிய கதிர்வீச்சை அளக்கும் டி.எல்.டி. பேட்ஜை. ஈய ஏப்ரனுக்கு உள்ளே மார்பில் அணிய வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒரு முறை அளவு அறிக்கை வரும். அதைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள். வேலை மாறும்போது பேட்ஜுக்காகத் தரப்பட்ட அதே தனி எண்ணைப் புதிய இடத்தில் கொடுக்க வேண்டும். பேட்ஜ் கொடுக்காத இடம் என்றால், மாதம் ஐயாயிரம் கூடத் தருகிறேன் என்றாலும் சேர்க்காதீர்கள்.