விடுமுறையில் மகளோடு பொதுப்பணி

கேள்வி: மார்கழி விடுமுறையில் ஒன்பது வயது மகளை வெள்ள நிவாரணம் வழங்கும் இடத்துக்கு அழைத்துச் செல்லலாமா?
– ஒரு தாய், ஆரையம்பதி

பதில்: அழைத்துச் செல்லுங்கள், ஆனால் பொதிகளைக் கையில் கொடுக்கும் வரிசையில் அவளை நிறுத்த வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. வாங்க வருபவர்களில் அவளுடைய வகுப்புத் தோழியும் இருக்கலாம். அந்தப் பிள்ளை தலைகுனிந்து பெற்றுக்கொள்ளும் கணத்தை நம் மகளின் பெருமைக்குரிய புகைப்படமாக்குவது இருவருக்குமே தீங்கு. அரிசி, பருப்பு, சீனி, தேயிலை ஆகியவற்றை நிறுத்துப் பொதி கட்டும் இடத்தில் நீங்களும் அவளருகே அமர்ந்து வேலை செய்யுங்கள். எண்ணுவதையும், ஒரு குடும்பத்துக்கு ஒரு வாரத்துக்கு எவ்வளவு தேவை என்பதையும் அங்கே அவள் தானாகவே கேட்டறிவாள். தேங்கிய நீரில் மட்டும் இறங்க விடாதீர்கள். எலிக்காய்ச்சல் அவ்வழியே பரவும்.

கடற்கரைத் துப்புரவு நல்லதே எனினும், வாடைக்காற்றுக் காலத்தில் கடல் கொந்தளிப்பதால் மட்டக்களப்பின் கல்லடிக் கடற்கரையில் அலை எட்டாத மேட்டோடு நின்றுகொள்ளுங்கள். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை நாவலடியிலும் கல்முனையிலும் எத்தனையோ குழந்தைகளைக் கொண்டுபோனது. அந்த நினைவு நாளில் அஞ்சலி நடைபெறும் இடத்தைக் கூட்டிப் பெருக்க அவளையும் அழைத்துச் சென்று, நடந்ததை அவள் கேட்கும் அளவுக்கு மட்டும் சொல்லுங்கள்.