எந்த ட்ரான்ஸ்ஃபார்மரானாலும் போதுமா?

கே: இன்றைய ஸ்பீக்கருக்கு மூலம் எது?
ப: அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியில் ரைஸ், கெல்லாக் என்ற இரு இன்ஜினியர்கள் 1925ல் செய்துகாட்டிய மூவிங் காயில் ஸ்பீக்கர். காந்தம், காயில், காகிதக் கோன். அடிப்படை இன்றும் அதேதான்.

கே: ஸ்டீரியோ 1958ல் கண்டுபிடிக்கப்பட்டதா?
ப: ஸ்டீரியோ இசைத்தட்டு கடைக்கு வந்ததுதான் 1958 வாக்கில். ஒரே பள்ளத்தின் இரு சுவர்களில் இரண்டு சேனல் என்பதை இங்கிலாந்தில் ப்ளூம்லைன் என்ற இன்ஜினியர் 1931லேயே காப்புரிமைக்கு எழுதிவிட்டார்.

கே: தாத்தாவின் 78 ஆர்.பி.எம். இசைத்தட்டுகளைப் போட்டால் ஒரே இரைச்சல். தட்டு போய்விட்டதா?
ப: என்ன ஊசி என்று எழுதவில்லையே! எல்.பி. (நீண்ட நேரம் ஓடும் தட்டு) ஊசியாகத்தான் இருக்கும். 1948ல் கொலம்பியா கம்பெனி எல்.பி. கொண்டுவந்தபோது பள்ளமே குறுகிவிட்டது. 78க்கு ஊசி முனை சுமார் 3 மில் (ஒரு மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு), எல்.பி.க்கு 1 மில். சின்ன ஊசி பள்ளத்தின் அடியில் இறங்கி அழுக்கைத்தான் பாடும். ஊசியை மாற்றுங்கள், தட்டைக் குறை சொல்லாதீர்கள்.

கே: என் வில்லியம்சன் ஆம்ப்ளிஃபயரில் அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மர் எரிந்துவிட்டது. 15 வாட் எதுவானாலும் போதும் என்கிறார் மெக்கானிக்.
ப: போதாது. இதை எத்தனை முறை எழுதினாலும் கடிதம் வந்துகொண்டே இருக்கிறது. 1947ல் வயர்லெஸ் வேர்ல்ட் பத்திரிகையில் வில்லியம்சன் வெளியிட்ட சர்க்யூட்டில் கேடி66 வால்வு (ட்ரான்சிஸ்டருக்கு முந்தைய கண்ணாடிக் குழாய்) இரண்டு, 15 வாட், 0.1 சதவீதத்துக்கும் குறைவான டிஸ்டார்ஷன் (ஒலிச் சிதைவு). எல்லோரும் வால்வைப் புகழ்கிறார்கள். உயிர் இருப்பதோ வால்வுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே நிற்கும் அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மரில். சிதைவைக் குறைப்பதற்காக, ஸ்பீக்கர் முனையிலிருந்து முதல் வால்வு வரை சுமார் 20 டெசிபல் ஃபீட்பேக் திரும்பிப் போகிறது. நடுவில் இருக்கும் ட்ரான்ஸ்ஃபார்மர் மட்டமானதாக இருந்தால் மேல் அலைவரிசையில் ஃபேஸ் (அலையின் ஏற்ற இறக்க நேரம்) புரண்டு, சிதைவைக் குறைக்க வேண்டிய ஃபீட்பேக்கே அதைக் கூட்டத் தொடங்கும். காதுக்குக் கேட்காமலே செட் ஊளையிடும், ட்வீட்டர் கருகும். அதனால்தான் அவர் பிரைமரியை (வால்வுப் பக்கச் சுருள்) மட்டும் 10 பிரிவாக, சுமார் 4,400 சுற்று, செகண்டரியோடு (ஸ்பீக்கர் பக்கச் சுருள்) மாற்றி மாற்றிச் சுற்றச் சொன்னார். ஒரு ரிப்பேர் கடையில் அப்படி ஒன்றைச் சுத்தியலால் உடைத்து, தகடு தனி, செம்பு தனி என்று எடைக்குப் பிரித்து வைத்திருந்ததைப் பார்த்தேன். அடுக்குக்கு அடுக்கு வைத்த காகிதம் கொஞ்சமும் கசங்காமல் கீழே கிடந்தது. வயிறு எரிந்தது. எரிந்த ட்ரான்ஸ்ஃபார்மரை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். அதே இரும்புக் கோரில், அதே கணக்கில் திரும்பச் சுற்றத் தெரிந்தவரிடம் கொடுங்கள். அப்புறம், ஸ்பீக்கர் மாட்டாமல் ஆன் செய்யாதீர்கள். அப்படியும் எரிவதுண்டு.

கே: பழைய வால்வு செட் இருக்கிறது. என்ன விலை போகும்?
ப: மாடல் இல்லை, வால்வு எண் இல்லை, படமும் இல்லை. எதை வைத்துச் சொல்வது? விலை கிடக்கட்டும், நேரடியாகக் கரண்ட் கொடுத்துப் பார்க்காதீர்கள். பழைய காகிதக் கண்டென்சர் லீக் ஆகி வால்வு சிவக்கும், அடுத்து ட்ரான்ஸ்ஃபார்மர் போகும். முதலில் கண்டென்சர்களை மாற்றுங்கள். மறுபடியும் சொல்கிறேன், ஸ்பீக்கர் மாட்டாமல் ஆன் செய்யாதீர்கள்.

கே: அந்தக் காலத்து ஏ.ஆர். (அக்கூஸ்டிக் ரிசர்ச் கம்பெனி) ஸ்பீக்கர் பெட்டி அவ்வளவு சின்னது. பாஸ் எப்படி வந்தது?
ப: 1954ல் அந்தக் கம்பெனியின் வில்ச்சர் பெட்டியை இறுக மூடி, உள்ளே அடைபட்ட காற்றையே கோனுக்கு ஸ்பிரிங் ஆக்கினார். அதற்கு வாட் கொஞ்சம் கூடுதலாக வேண்டும். வயர் விடுவதற்காகப் பின்பக்கம் ஓட்டை போடாதீர்கள். காற்று கசிந்தால் பாஸ் போயிற்று.