நான் விளைவித்த நெல்

கேள்வி: என் அப்பாவுக்கு 66 வயது. 12 வருடமாகச் சர்க்கரை நோய். மூன்று வேளையும் சோறு வேண்டும், காபிக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை வேண்டும். வாக்கிங் போகச் சொன்னால் காதில் வாங்குவதே இல்லை. போன தீபாவளி சமயம் கால் விரலில் வந்த புண் ஆற இரண்டு மாதம் ஆயிற்று. அப்போதும் பயம் வரவில்லை. சத்தம் போட்டால், 'நாப்பது வருஷம் நான் விளைவிச்ச நெல்லு என்னையே கொன்னுடுமா?' என்று வீம்பு பேசுகிறார். எவ்வளவு சொன்னாலும் சிலர் ஏன் திருந்தவே மாட்டேன் என்கிறார்கள்?
(ஒரு வாசகி, திருவையாறு)

பதில்: முதலில் 'திருந்த' என்ற அந்தச் சொல்லை விட்டுவிடுங்கள். திருடுகிறவன் திருந்த வேண்டும். குடித்துவிட்டு வந்து மனைவியை அடிக்கிறவன் திருந்த வேண்டும். உங்கள் அப்பா சோறு சாப்பிடுகிறார், அவ்வளவுதான். அந்தச் சொல்லை மனதில் வைத்துக்கொண்டு பேசினால், வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும் அவருக்குக் கேட்கும்.

அப்புறம், நீங்கள் கேட்டதற்கு அவரே பதில் சொல்லிவிட்டார். 'நான் விளைவிச்ச நெல்லு' என்ற வரியை வீம்பு என்று ஒதுக்கிவிட்டீர்கள். எனக்கு அதைத் தாண்டிப் போக முடியவில்லை. நாற்பது வருடம் சேற்றில் நின்றவர். காவிரியில் தண்ணீர் வராத வருடம் கடன் வாங்கி, வந்த வருடம் அடைத்து, அந்த நெல்லை வைத்துத்தான் உங்களையும் ஆளாக்கியிருப்பார். அவரிடம் போய், 'சோறு உங்களுக்கு விஷம்பா' என்றால் அவர் காதில் என்ன விழும்? 'இத்தனை காலம் நீங்கள் விளைவித்ததே விஷம்' என்றுதான் விழும். அதற்குத் தலையாட்டுவதைவிட மாத்திரையைக் கூட்டிக்கொள்வது அவருக்குச் சுலபம்.

படித்தவர்கள் மட்டும் வேறு மாதிரி என்று நினைக்காதீர்கள். 1847இல் வியன்னா பொது மருத்துவமனையில் இக்னாஸ் செம்மல்வைஸ் என்ற மருத்துவர் ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தார். பிணத்தை அறுத்துப் பார்த்த கையோடு மருத்துவர்கள் நேராகப் பிரசவம் பார்க்க வந்தார்கள். அந்தக் கைதான் தாய்மார்களுக்குக் காய்ச்சலைக் கொண்டுவந்தது. பிளீச்சிங் பவுடர் கரைசலில் கை கழுவச் சொன்னார். ஏப்ரலில் நூற்றுக்கு 18 பேர் இறந்துகொண்டிருந்த பிரிவில், ஜூனில் அது 2 பேர் அளவுக்கு இறங்கியது. கண் முன்னால் கணக்கு இருந்தும் ஐரோப்பாவின் பெரிய மருத்துவர்களில் பலர் ஏற்கவில்லை. அவர்கள் சொன்ன காரணங்கள் பல. ஆனால் ஏற்றுக்கொண்டால் அடுத்த நிமிடமே வருகிற கேள்வி ஒன்று உண்டு: அப்படியானால் இதுவரை இறந்தவர்கள்? கீல் நகரத்து மருத்துவர் மிகாயெலிஸ் இதை நம்பினார், கை கழுவ ஆரம்பித்தார். தான் பிரசவம் பார்த்து இறந்துபோன தன் உறவுப் பெண்ணின் நினைவு அவரை விடவில்லை. 1848இல் தன் உயிரை மாய்த்துக்கொண்டார்.

செம்மல்வைஸ் பிற்காலத்தில் தன்னை எதிர்த்தவர்களைக் கொலைகாரர்கள் என்று பகிரங்கக் கடிதம் எழுதித் திட்டினார். அவர் சொன்னது சரிதான். திட்டியதில் யாரும் கை கழுவ ஓடவில்லை.

நானும் திட்டியவன்தான். என் அத்தைக்கு இதே வியாதி. வீட்டில் சர்க்கரை டப்பாவைப் பூட்டி வைத்தோம். போகிற போதெல்லாம் நான் கத்துவேன். அவர் சிரித்துக்கொண்டே சரி சரி என்பார். அவர் போன பிறகு அரிசி டின்னைக் காலி செய்தபோது, அடியில் பழைய காலண்டர் தாளில் மடித்த கற்கண்டுப் பொட்டலம் மூன்று கிடைத்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றது இன்னும் எனக்கு ஆறவில்லை. ஒளித்துத் தின்னும்படி செய்தது நாங்கள்தான்.

இந்த நோய்க்கு இன்னொரு குணம் உண்டு. வலிக்காது. பல் வலித்தால் ராத்திரியோடு ராத்திரியாக ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறோம். சர்க்கரை பல வருடம் சத்தமில்லாமல் இருந்து, பாதத்து நரம்பை மரத்துப்போகச் செய்கிறது. முள் குத்தினாலும் தெரியாது. புண்ணுக்கு அப்பா பயப்படவில்லை என்கிறீர்கள், அது வலிக்கவே இல்லையோ என்னவோ? கேட்டீர்களா?

'ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா' என்று உடனே சொல்லிவிடுகிறோம். வளையும், நாளாகும். லண்டனில் 96 பேரை வைத்துப் பார்த்த ஓர் ஆய்வில் ஒரு சின்னப் பழக்கம் தானாக வருவதற்குச் சராசரியாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாள், சிலருக்கு அதே போக்கில் போனால் 254 நாள் ஆகும் என்று கணக்கு வந்தது. ஒரு வாரம் பார்த்துவிட்டுக் கை விரிக்காதீர்கள்.

சோறே கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்க மாட்டார், அளவுதான் சொல்லியிருப்பார். தட்டில் சோற்றைக் குறைத்துப் பொரியலையும் கூட்டையும் கூட்டுங்கள். அதையே வீட்டில் எல்லோரும் சாப்பிடுங்கள். அவருக்கு மட்டும் தனியாகப் பத்தியம் வடித்து வைத்தால் அது தண்டனை மாதிரி இருக்கும். வாக்கிங்கும் அப்படித்தான். வேலை இல்லாமல் சும்மா நடப்பது விவசாயிக்குக் கூச்சம். 'நடவு எப்படி இருக்குன்னு பாத்துட்டு வாங்கப்பா' என்று வயல் பக்கம் அனுப்பிப் பாருங்கள். செருப்பு இல்லாமல் வரப்பில் இறங்க விடாதீர்கள், அதில் மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

அவர் மனசு மாறுகிற வரை கால் காத்திருக்காது. அதனால் இன்று ராத்திரி அவர் கால்மாட்டில் உட்காருங்கள். பாதத்தைத் திருப்பி, விரல் இடுக்கெல்லாம் டார்ச் அடித்துப் பாருங்கள். வெடிப்போ கொப்புளமோ சிவப்போ தெரிந்தால் காலையிலேயே டாக்டரிடம் கூட்டிப் போங்கள். ஒன்றும் இல்லை என்றால், அந்த நாற்பது வருடத்தில் எந்த வருடம் விளைச்சல் நன்றாக இருந்தது என்று கேளுங்கள். சர்க்கரையைப் பற்றி இன்றைக்கு ஒரு வார்த்தையும் வேண்டாம்.